பெஞ்சுக்காரன் மேல் ஒரு கண்

அமான்சியு யாரையும் நம்பமாட்டான். மரதேய்ரா என்ற அந்தக் கடலோர ஊரில் இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கோல் காக்கிறவனுக்கு அது வேண்டிய குணம்தான் என்றார்கள். எதிரணிக்காரன் இடப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம்தான் அடிக்கப்போகிறான் என்று அவனுக்குத் தோன்றும்; பெரும்பாலும் அப்படியே நடக்கும். கடலிலிருந்து வீசும் காற்றையும் அவன் நம்பியதில்லை. மரதேய்ரா யூனியன் கிளப்பின் மைதானம் அலை அடிக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். மேலே போன பந்து திரும்ப எங்கே இறங்கும் என்று கடவுளுக்கே தெரியாது. அந்த மைதானத்தில் புல் முளைக்காத மண்தரையில் பதினாறு சீசன் அவன்தான் கோல்கீப்பர். கிளப்பின் சரித்திரத்தில் அவ்வளவு காலம் முதல் அணியில் நின்றவர்கள் வேறு யாரும் இல்லை.

இந்தக் குணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது ஊருக்குத் தெரியும். அவனுக்கு ஒன்பது வயதானபோது, மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் சேர்ந்திருந்த அவன் அப்பா ஜசிந்துவைப் போலீஸ்காரர்கள் விடிகாலையில் வந்து கூட்டிப்போனார்கள். காலில் செருப்புக்கூடப் போட விடவில்லை. அன்று காலையே எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர் கஸிமீரு, சுடச்சுட ரொட்டியோடு வந்து நின்றார். அமான்சியுவின் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அந்த ரொட்டி நாள் தவறாமல் பல மாதம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, கடையில் சவரம் செய்துகொண்டே கேட்டதையெல்லாம் சர்வாதிகார ஆட்சியின் இரகசியப் போலீசிடம் ஒப்பித்தது இதே கஸிமீருதான் என்று. அப்பா திரும்பி வந்தார். ஆனால் இருமலோடு வந்தார், பேச்சோடு வரவில்லை. திட்டுகிறவனைவிட, தலையைத் தடவுகிறவனிடம்தான் பயப்படவேண்டும் என்று அமான்சியு அப்போது மனதில் எழுதிக்கொண்டான்.

அவன் முதல் அணிக்கு வந்த மூன்றாம் சீசனில் தினீஷ் வந்து சேர்ந்தான். அலெந்தேஜு பக்கம் கடல் இல்லாத, கோதுமை விளைகிற ஊர்க்காரன். குள்ளம் என்று சொல்லமுடியாது, ஆனால் அகலம். கைகள் இரண்டும் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளும் பலகை மாதிரி இருக்கும். மாற்றுக் கோல்கீப்பராக எடுத்திருந்தார்கள். வந்த முதல் நாளே அமான்சியுவின் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினான்.

"கீழ வை. எனக்குக் கையில்லையா?" என்றான் அமான்சியு.

"இருக்குண்ணே. அது கோலுக்கு வேணும்ல, அதான்."

பேருந்தே சிரித்தது. அமான்சியு சிரிக்கவில்லை.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. குளிர் நாளில் எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து ஒரு பாட்டிலில் கொண்டுவருவான். அமான்சியுவின் காலணிக்குப் பன்றிக் கொழுப்பு தடவி வைப்பான். "தோள் எப்டி இருக்கு? தூங்குனீங்களா? எர்சீலியா அண்ணி நேத்து என்ன சமைச்சாங்க?" என்று தினம் கேட்பான். எதிரணி முன்வரிசைக்காரர்களில் யார் எந்தக் காலால் அடிப்பான் என்பதைக்கூட விசாரித்துவைத்துச் சொல்வான். சொன்னது ஒருமுறையும் தப்பாது.

எர்சீலியா அமான்சியுவின் மனைவி. மீன் ஏலக்கூடத்தில் கத்திக் கத்திக் குரல் தடித்தவள். இவன் வீட்டுக்கு வந்து புலம்பினால் அவள் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கைவைப்பாள்.

"அவன் குடுத்த தண்ணியக் குடிச்சேன். வயித்தப் பெரட்டுது."

"எங்கக்கா வீட்டுல ஒரு சட்டி கிளிஞ்சல மொத்தமா முழுங்குனியே, அது பெரட்டாதா?"

"ஒனக்குத் தெரியாது. அவன் எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கான்."

"காத்துக்கிட்டுதான் இருப்பான். மாத்து ஆளுன்னா வேற என்ன பண்ணுவான், பூப்பறிப்பானா?"

அவள் சொன்னதுதான் அவனுக்கு உறுத்தியது. காத்திருக்கிறவனுக்கு ஒரு பொறுமை எல்லை இருக்கவேண்டும். இரண்டு சீசன், மூன்று சீசன். தினீஷோ ஒன்பது சீசன் ஆகியும் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். அமான்சியு காய்ச்சலோடும் இறங்குவான், விரல் வீங்கியிருந்தாலும் இறங்குவான். அதனால் தினீஷுக்குக் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்க வாய்ப்பே வரவில்லை. எப்போதாவது ஒப்புக்கு நடக்கும் ஆட்டம் வந்தால், அன்று பார்த்து அவனுக்கு உடம்பு சரியிருக்காது.

ஒருநாள் பயிற்சியாளர், அவரை எல்லோரும் மிஸ்தர் என்றுதான் கூப்பிடுவார்கள், பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார்.

"செதூபல் கிளப்புலேந்து ஒருத்தர் வந்து தினீஷக் கேட்டாரு. முதல் கோல்கீப்பரா வச்சுக்கறேன்னாரு. நல்ல எடம். இவன் மாட்டேன்னுட்டான்."

"ஏன் மிஸ்தர்?"

"எனக்கென்ன தெரியும்? இந்த ஊரு மத்தி மீன் ருசியா இருக்காம்."

அன்றிலிருந்து அமான்சியுவுக்குத் தூக்கம் கெட்டது. வேறு ஊரில் ராஜாவாக இருக்கக்கூடியவன் இங்கே எடுபிடியாக இருக்கிறான் என்றால், ஏதோ ஒன்று இல்லாமலா? அவன் ஒரு சோதனை வைத்தான். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உடைமாற்றும் அறையில் சாய்ந்தான்.

"தோள் விட்டுப்போச்சுடா தினீஷ். ஞாயித்துக்கெழம நீதான் எறங்கணும்."

சொல்லிவிட்டுக் கண் கொட்டாமல் அவன் முகத்தைப் பார்த்தான். ஒரு துளி சந்தோஷம் தெரிந்தால் போதும், பிடித்துவிடலாம். ஆனால் தினீஷின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்தது.

"வெளையாடாதீங்கண்ணே."

"நெசமாத்தான்."

தினீஷ் ஓடினான். கற்பூரத் தைலத்தோடு திரும்பி வந்து, அமான்சியுவின் தோளைக் கையில் வலி எடுக்கும்வரை தேய்த்தான். சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்து தேய்த்தான். ஞாயிறு காலையில் அவன் மனைவி ஒதேத் வந்து, தினீஷ் வாந்தி எடுத்துப் படுத்திருப்பதாகச் சொன்னாள். அமான்சியுவே இறங்கினான். கோலுக்குள் நின்றபடி ஆட்டம் முழுக்க யோசித்தான். நொந்த தோளோடு நான் இறங்கி, ஊர் முன்னால் அசிங்கப்படணும். அதுதான் அவன் போட்ட கணக்கா? அப்படியென்றால் எதற்குத் தைலம்? எவ்வளவு யோசித்தாலும் ஒரு முனை அகப்படவில்லை. அகப்படாதது அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

எழுபத்து மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஆலையிலிருந்து இரண்டு பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊர் வாயை மூடிக்கொண்டது. மதுக்கடையில் டொமினோ காய் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. படகுக்காரன் ராமிரு, கிளப்பின் கொடியைத் தூக்கிக்கொண்டு எல்லா ஊருக்கும் வருகிறவன், அமான்சியுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"நம்ம ஊருல எவனோ போலீசுக்கு ஊதிக்கிட்டு இருக்கான், அமான்சியு. யாரா இருக்கும்?"

அமான்சியு கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "எனக்கென்ன தெரியும்? ஆனா ஒன்னு கேக்குறேன். பெரிய கிளப்புக்காரன் வந்து கூப்புட்டும் போகாம ஒருத்தன் பெஞ்சத் தேச்சுக்கிட்டுக் கெடக்கான். ஏன் போகல? யாரு இருக்கச் சொன்னா?" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பெயர் சொல்லவில்லை. ராமிரு கோப்பையை மேசைமேல் மெதுவாக வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தானாகவே நடந்தது. தினீஷ் மதுக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். வெளியே போனால் துப்புகிற சத்தம் வரும். ஆலையில் ஒதேத் மீன் தலை கிள்ளுகிற பலகையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காரவில்லை. ஒரு காலையில் அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ சுண்ணாம்பால் ஆள்காட்டி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒதேத் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதை அமான்சியு தெருமுனையிலிருந்து பார்த்தான். வெட்கப்படவேண்டிய விஷயம், நினைத்துப் பார்த்தால். ஆனால் அப்போது அவன் மனதில் வந்தது ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் தோன்றவில்லை, ஊருக்கே தோன்றுகிறது என்று எண்ணிக்கொண்டான். அந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து கிளம்பியது என்பதே அவனுக்கு மறந்திருந்தது.

தினீஷ் மட்டும் மாறவில்லை. எலுமிச்சைத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

பிப்ரவரி மாதம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓர் அணி வந்தது. நல்ல மழை. மைதானம் சேறாகிக் கிடந்தது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்த அமான்சியு மேல் எதிரணிக்காரன் ஒருவன் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தான். கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். தோள் நிஜமாகவே கழன்றுவிட்டது. இரண்டு பேர் தூக்குப்படுக்கையில் வைத்துத் தூக்கினார்கள்.

பெஞ்சில் தினீஷ் எழுந்திருக்கவில்லை.

"டேய், எறங்குடா!" என்று மிஸ்தர் கத்தினார். சட்டையைப் பிடித்து இழுத்தார். தினீஷ் எழுந்தான், பெஞ்சுக்குப் பின்னால் போனான், குனிந்து வாந்தி எடுத்தான். தூக்குப்படுக்கையில் கிடந்த அமான்சியு தலையைத் திருப்பியபோது அதைத்தான் பார்த்தான். பிறகு தினீஷ் வாயைத் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தான், கழுமரத்துக்கு நடக்கிறவன் மாதிரி. சொந்த ஊர்க்கூட்டம் அவனைப் பார்த்து விசிலடித்தது.

"ஆள்காட்டி! ஆள்காட்டி!"

சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி ஒரு பந்து வந்தது. அந்தப் பலகைக் கைகளுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது. அடுத்தது காலுக்கிடையில் போனது. ஆட்டம் முடிந்தபோது, "வித்துட்டான்! காசு வாங்கிட்டு வித்துட்டான்!" என்று ராமிரு கொடிக்கம்பைத் தரையில் குத்திக்கொண்டு கத்தினான்.

மருத்துவர் தோளை ஏற்றிக் கட்டுப்போட்டு அனுப்பியபோது உடைமாற்றும் அறையிலிருந்து எல்லோரும் போயிருந்தார்கள். தினீஷ் மட்டும் சேற்றுக் காலணியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அமான்சியு எதிரே உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் கேட்காததைக் கேட்டான்.

"ஏண்டா செதூபல் போகல?"

"போனா ஆடணும்ல."

"பின்ன? ஆடத்தானே கோல்கீப்பர்?"

தினீஷ் சுவரிடமே பதில் சொன்னான்.

"எனக்கு ஆட்டம் ஆகாதுண்ணே. பயிற்சின்னா உசுரு. மண்ணுல விழுந்து பொரளணும், எல்லாரோடயும் பேருந்துல போகணும், முடிஞ்சு உக்காந்து சூப் குடிக்கணும். அது போதும். சனம் பாக்க ஆரம்பிச்சா இந்தக் கை என் கையா இருக்காது. சின்ன வயசுலேந்து அப்டித்தான். யார்கிட்டச் சொல்றது? கோல்கீப்பருக்குப் பந்தக் கண்டு பயம்னா சிரிக்கமாட்டாங்களா?"

"அப்ப எனக்கு ஏண்டா இத்தன சேவகம்?"

"நீங்க நல்லா இருந்தாதானே நான் பெஞ்சுல உக்கார முடியும்? ஒங்க தோள் நோவுன்னா எனக்கு வயித்தக் கலக்கும். பாசம் கீசம்னு பெருசா நெனச்சுக்காதீங்க. மொதல்ல சொயநலம்தான். அப்பறம் பழகிப்போச்சு."

அமான்சியுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோளில் உயிர் போனது. பதினான்கு வருடமாக அவன் சந்தேகப்பட்டது சரிதான். அந்தக் கரிசனத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவன் தேடிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது.

"அண்ணே, எவனோ என்னப் பத்தி ஊருல கெளப்பிவிட்ருக்கான். ஒதேத்துக்கு வேலைக்குப் போகவே பயமா இருக்கு. யாருன்னு ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அமான்சியு கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டான்.

"தெரியாது," என்றான்.

வீட்டில் எர்சீலியா அவனுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். ராமிருவிடம் சொன்னதையும் சொன்னான். அவள் கை நின்றுவிட்டது.

"அது நீயா?"

"பேரு சொல்லல."

"கஸிமீருவும் ஒங்கப்பாவ இப்டித்தான் சொல்லிருப்பான். பேரு சொல்லாம."

வாழ்நாள் முழுக்க அவளும் அவனும் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார்கள். அவள் இதுவரை அந்தப் பெயரை எடுத்ததில்லை. அமான்சியு ஒற்றைக் கைச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாளே ராமிருவின் படகுக்குப் போனான். "நான் அன்னைக்குச் சொன்னது சும்மா. தினீஷ் மேல ஒன்னும் இல்ல," என்றான்.

ராமிரு வலையைக் கீழே போட்டுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தான். "போலீஸ்காரங்க ஒன்ன மெரட்டினாங்களா?"

"யாரும் மெரட்டல."

"ஆட்டத்துல ஆள வச்சுக் கைய முறிச்சுப்போட்டுட்டு, மறுநாளே வந்து பேச்ச மாத்தச் சொல்றாங்க. எனக்குப் புரியாதா? பயப்படாத. நான் வெளிய சொல்லல."

தான் தள்ளிவிட்ட வண்டியைத் தானே பிடித்து நிறுத்தமுடியவில்லை என்று அமான்சியுவுக்கு அப்போது விளங்கியது. இன்னும் நாலு பேரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் தினீஷின் காதுக்குப் போய்விடும் என்று பயந்தான்.

ஏப்ரல் மாதம் லிஸ்பனில் பீரங்கி வண்டிகள் தெருவுக்கு வந்தன. ஆட்சி கவிழ்ந்தது. மே தினத்தன்று மரதேய்ரா முழுக்கக் கொண்டாட்டம். ஆலைச் சங்கு நிற்காமல் ஊதியது. பிடிபட்டுப் போயிருந்த இரண்டு பேரும் திரும்பி வந்து தோளில் ஏறி ஊர்வலம் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் கூட்டத்தில் ஒரு பகுதி பிரிந்து வேறு பக்கம் நடந்தது. முன்னால் ராமிரு. எங்கே போகிறார்கள் என்று அமான்சியுவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. குறுக்குச் சந்து வழியாக ஓடினான். எர்சீலியாவும் பின்னால் ஓடிவந்தாள்.

தினீஷின் வீட்டு வாசலில் ஒதேத் கதவுக்குக் குறுக்கே நின்றிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் தினீஷின் முகம் தெரிந்தது. முதல் கல் ஜன்னலில் பட்டது.

"நிறுத்துங்கடா! அவன் ஆள்காட்டி இல்ல!" அமான்சியு மூச்சுவாங்கிக்கொண்டு நடுவில் போய் நின்றான்.

"ஒனக்கெப்டித் தெரியும்?" என்றான் ஒருவன்.

"ஒனக்கெப்டித் தெரியும்? யாரு சொன்னா?" என்று அமான்சியு திருப்பிக் கேட்டான்.

அந்த ஆள் தன் பக்கத்தில் நின்றவனைக் காட்டினான். பக்கத்தில் நின்றவன் ராமிருவைக் காட்டினான். ராமிரு அமான்சியுவைப் பார்த்தான்.

"என்ன ஏன் கேக்குற? நீதானே சொன்ன?"

அமான்சியு தினீஷின் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன். பொய். எந்த ஆதாரமும் இல்ல. அவன் ஏன் எனக்கு நல்லவனா இருக்கான்னு புரியல, அந்த பயத்துல ஒளறுனேன். அடிக்கணும்னா என்ன அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. ராமிரு அவன் காலடியில் துப்பினான். "ஜசிந்து மகன் பண்ற வேலையாடா இது?" என்று கேட்டுவிட்டுக் கொடியைச் சுருட்டிக்கொண்டு நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். போகிறபோதே ஒருத்தி, "யாரு கண்டா, ரெண்டு பேரும் கூட்டாளிங்களாவும் இருக்கலாம்," என்று சொன்னது அவன் காதில் விழுந்தது.

அவன் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

உண்மையில் ஊதிக்கொண்டிருந்தவன் ஆலையின் மேலாளரிடம் வண்டி ஓட்டியவன் என்று கோடையில் தெரியவந்தது. அவன் அதற்குள் பிரான்சுக்குப் போய்விட்டான். அவனை ஒருவரும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அமான்சியுவின் தோள் பழைய நிலைக்கு வரவில்லை. கிளப் செதூபலிலிருந்து ஒரு புதுக் கோல்கீப்பரைக் கூட்டிவந்தது. அமான்சியுவுக்கு மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். கோடு போடுவான், வலை தைப்பான். தினீஷ் மாற்று ஆளாகவே நீடித்தான். புதியவனின் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினான், அவன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தான். அமான்சியுவிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எதிரே வந்தால் வலையின் வழியே பார்ப்பது போல அவனைத் தாண்டிப் பார்ப்பான். அமான்சியு இரண்டு முறை பேசப்போனான். இரண்டு முறையும் தினீஷ் அமைதியாக நகர்ந்துபோனான். ஒதேத்திடம் எர்சீலியா ஒரு கூடை அவரைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

இப்படி ஒரு சீசன் கழிந்தது. அடுத்த சீசனில் நவம்பர் மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சாயங்காலம், பயிற்சிக்கு ஆட்கள் சரியாக வரவில்லை. வந்தவர்களும் சீக்கிரமே போய்விட்டார்கள். அமான்சியு வலையைக் கழற்றப் போனான். தினீஷ் கோலுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"அத விடுங்க," என்றான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தினீஷ் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. "பந்து இருக்கா?"

"இருக்கு."

"அடிங்க."

அமான்சியு அடித்தான். முதலில் மெதுவாக. தினீஷ் ஒற்றைக் கையால் எடுத்துத் திருப்பி எறிந்தான். கொஞ்சம் ஓங்கி அடித்தான். மூலைக்கு அடித்தான். காற்றைக் கணக்குப்போட்டு வளைத்து அடித்தான். எதுவும் உள்ளே போகவில்லை. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் அந்த அகல உடம்பு பூனை மாதிரிப் பறந்தது. பதினாறு சீசன் அதே இடத்தில் நின்றவனுக்குத் தெரியும், தான் ஒருநாளும் இப்படிக் காத்ததில்லை என்று. ஆனால் பழைய புத்தி எங்கே போகும்? இவன் இத்தனை நாள் கழித்து இன்றைக்கு ஏன் கூப்பிடுகிறான், என்னை எதற்காகவோ பழக்குகிறானா என்று ஒரு எண்ணம் வரத்தான் செய்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்த பந்தை வைத்தான்.

வேலியோரமாகக் கூடையோடு போன இரண்டு மீன்காரிகள் நின்று பார்த்தார்கள். அமான்சியு உதைத்தான். சாதாரணப் பந்து. தினீஷின் விரல்களுக்கு நடுவே வழுக்கி வலைக்குள் போனது.

"கையில வெண்ணெயாடா தடவியிருக்க?" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். இன்னொருத்தி கெக்கலித்தாள். கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்கள்.

தினீஷ் வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"போயிட்டாங்களா?"

அமான்சியு பாதைத் திருப்பம் வரைக்கும் எட்டிப் பார்த்தான்.

"போயிட்டாங்க."

"அப்ப அடிங்க."